காசையும் வாங்கி, பதிவையும் வைத்துக்கொள்ளலாமா?

ஏப்ரல் 14 இரவு. வந்தவாசிப் பக்கம் ஒரு சேரி. அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டம் முடிந்து, எட்டுப்பேர் கொண்ட பறைக்குழு ஒன்றரை மணி நேரம் அடித்து ஓய்ந்திருந்தது. நான் ஸ்டாண்டிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குழுவின் பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து கேட்டார்: "உங்களுக்கு எவ்ளோ தரணும் சார்?"

நானும் சேரிக்காரன்தான். என் தாத்தா சாவுக்கும் கொடைக்கும் பறையடித்தவர். ஆனாலும் பெரியவருக்கு நான் 'சார்'. வங்கியில் குமாஸ்தா, மாதம் பிறந்தால் சம்பளம், கையில் பதினெட்டாயிரம் ரூபாய்க் கருவி. அந்த 'சார்' என்ற சொல்லிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த தூரம் தெரிந்துபோனது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டாயிரம் என்றேன். எண்ணிக் கொடுத்தார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த இரண்டாயிரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பறையாட்டம், கானா, ஒப்பாரி, தெருக்கூத்து என்று நம் கலைஞர்கள் நிகழ்த்துகிற இடமெல்லாம் இன்று யாராவது ஒருத்தர் கருவியோடு நிற்கிறார். தொழிலாகச் செய்பவர் இல்லை. என்னைப்போல் ஆர்வத்தில் வருபவர். கல்லூரி மாணவர், வாத்தியார், கிளார்க். நிகழ்ச்சி முடிந்ததும் குழுவுக்கு ஒரு பிரதி தருகிறார். இதற்குக் காசு கேட்கலாமா கூடாதா என்று தோழர்களுக்குள் அடிக்கடி சண்டை வருகிறது. 'இது இயக்க வேலை, காசா கேட்பது?' என்கிறது ஒரு கட்சி. 'உழைப்புக்குக் கூலி கேட்டால் தப்பா?' என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நான் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு பேருமே பாதியைத்தான் பேசுகிறார்கள்.

முதலில் 'சும்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

நம்மிடம் 'சும்மா செய்' என்று சொல்வதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வெட்டி, ஊழியம், அடிமைத்தொழில் என்று எத்தனை பெயர்! சாவு விழுந்தால் சேதி சொல்லப் போ, பாடைக்கு முன்னால் அடி, சாமி ஊர்வலத்தில் தள்ளி நின்று அடி. கூலி என்று ஒன்று கிடையாது. கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்கக் கூடாது. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மகார் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தாரே, அதுவும் இதே நோயைப் பற்றித்தான். பரம்பரை ஊழியம் என்ற பெயரில் ஒரு சாதி முழுவதையும் இரவு பகல் பாராமல் வேலை வாங்கிவிட்டு, ஏதோ கொஞ்சம் நிலத்தையும் தானியத்தையும் காட்டி ஏமாற்றுவதை அவர் எதிர்த்தார். வேலை இன்னது, கூலி இன்னது என்று வரையறுக்கச் சொன்னார். அவர் பெயரைச் சொல்லி மேடை போடுகிற நாம், மேடைக்குக் கீழே நிற்பவனிடம் 'சும்மா செய்து கொடு தோழர்' என்று கேட்பதற்குமுன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊரில் மைக்செட் வைத்திருக்கும் பையன், கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கும் பையன், இவர்களில் பலர் நம் தெருப் பிள்ளைகள். அவர்களுக்கு இதுதான் சோறு. சம்பளக்காரனாகிய நான் சனிக்கிழமை ராத்திரி வந்து இலவசமாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் அந்தப் பையனிடம் 'பேங்க்காரரு சும்மாவே செஞ்சாரே, நீ இன்னாத்துக்கு மூவாயிரம் கேக்கற?' என்று கேட்பார்கள். என் தியாகம் அவன் வயிற்றில் அடிக்கும். பொழுதுபோக்கு என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவனின் சொல். பொழுது போனால் கூலி போகும் என்று இருப்பவனுக்கு அந்தச் சொல்லே கிடையாது.

வேலையும் லேசானது இல்லை. பறையைப் பதிவு செய்வது பாட்டுக் கச்சேரியைப் பதிவு செய்வது மாதிரி இல்லை. அடிக்குச்சி தோலில் விழுகிற கணத்தில் சத்தம் திடீரென்று எகிறும். கருவியின் அளவைப் பேச்சுக்கு வைப்பதுபோல் வைத்தால் ஒவ்வொரு அடியும் உடைந்து கரகரக்கும். தானியங்கி அளவில் விட்டால் அதைவிட மோசம். பெரிய அடி விழுந்ததும் கருவி தானாகவே சத்தத்தை அமுக்கிவிடும், பின்னால் வரும் சிண்டுக்குச்சியின் மெல்லிய பேச்சு காணாமல் போய்விடும். ஆகவே முன்கூட்டியே ஓங்கி அடிக்கச் சொல்லிக் கேட்டு, உச்சத்துக்குக் கீழே இடம் விட்டு அளவு வைக்க வேண்டும். தீயில் காய்ச்சிய பறை ஆறஆறச் சுருதி இறங்கும்; மறுபடி காய்ச்சி வந்தால் சத்தம் வேறாக இருக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரில் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரத்து ஸ்டீரியோப் பதிவு 24 பிட்டில் ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து கேட்டு, வெட்டி, பெயர் எழுதி, பிரதி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். இது உழைப்புத்தான். யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நான் வாங்கிய இரண்டாயிரம் நியாயம்தானே? அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பது என் தொழில். அன்று அந்தக் குழுவுக்குப் பேசிய தொகை பன்னிரண்டாயிரம். வேன் வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. சாப்பாடு, டீ, விறகு என்று ஆயிரம். மிச்சம் எட்டாயிரத்து ஐந்நூறு. எட்டுப்பேர் பங்கிட்டால் தலைக்கு ஆயிரத்து அறுபது சொச்சம். என் இரண்டாயிரத்தைக் கழித்தால் எண்ணூற்றுப் பன்னிரண்டு. அதாவது ஒவ்வொருத்தர் கூலியிலிருந்தும் இருநூற்றைம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு நான் பஸ் ஏறியிருக்கிறேன். கூட்டம் நடத்தியவர்கள் என்னிடம் பேசவே இல்லை. மேடை, விளக்கு, பேனர், பேச்சாளரின் கார் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் பட்ஜெட் இருந்தது. பதிவுக்கு மட்டும் இல்லை. அந்தச் செலவு, இருப்பவர்களிலேயே கடைசியாக இருப்பவன் தலையில் விழுந்தது. எப்போதும் அப்படித்தானே விழுகிறது?

ஆனால் என் குற்றம் இருநூற்றைம்பது ரூபாயோடு முடியவில்லை.

அந்தப் பதிவு என் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. குழுவுக்குச் செல்போனில் கேட்கிற மாதிரி சுருக்கிய பிரதி கொடுத்தேன். மூலப் பதிவு என்னிடம். ஆவணப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல காரியம்தானே என்று கொடுத்தேன். படம் வந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'ஒலிப்பதிவு' என்று போட்டு என் பெயர் முழுசாக, இனிஷியலோடு. பறையடித்த எட்டுப்பேருக்குச் சேர்த்து ஒரே வரி: 'நாட்டுப்புறக் கலைஞர்கள்'. பெரியவரின் பேரன் அதைச் செல்போனில் காட்டியிருக்கிறான். அடுத்த தடவை பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "எங்க பேரு ஒண்ணும் இல்லியே சார்" என்றார். அவ்வளவுதான். 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்பது 'சேரி ஆளுங்க' என்பதற்குப் பதிலாக நாகரிகமானவர்கள் கண்டுபிடித்த சொல்லோ என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அந்தச் சொல்லுக்கு வழி விட்டவன் ஒரு ஆதிக்க சாதிக்காரன் இல்லை. நான்.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. காசு வாங்குவதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பதிவு யாருடையது என்பது. அதற்குப் பதில் சொல்லாமல் காசைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வீண்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1933-இல் அமெரிக்காவில் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் காரில் பதிவு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு தெற்கு மாநிலச் சிறைகளுக்குப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு அவர் பெயர் வெளியே தெரிய உதவியது என்பதும் உண்மை. 1949 டிசம்பரில் அவர் இறந்தார். அடுத்த வருஷமே அவர் பாடிவந்த 'குட்நைட் ஐரீன்' வேறொரு குழுவின் குரலில் நாடெங்கும் ஒலித்தது. பாட்டுக்கு உரிமையாளர் என்ற இடத்தில் லெட்பெல்லியோடு லோமாக்ஸ் பெயரும் சேர்ந்து நின்றது. பாடியவர் பெயருக்குப் பக்கத்தில் பதிவு செய்தவர் பெயர்!

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலுத் தொழிலாளி 1939-இல் 'ம்புபே' என்ற பாட்டை ஜோகன்னஸ்பர்க் ஸ்டுடியோ ஒன்றில் பாடினார். அதன் மெட்டு 1961-இல் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆனது. பிறகு 'லயன் கிங்' படம்வரை போனது. லிண்டா 1962-இல் ஏழையாகவே செத்தார். அவர் குடும்பம் வழக்குப் போட்டு ஒரு தீர்வு கிடைக்க 2006 ஆயிற்று. கறுப்பர் குரலுக்கும் சேரிப் பறைக்கும் நடந்தது ஒன்றுதான். சத்தம் போட்டவன் ஒருத்தன், சத்தத்தைப் பிடித்து வைத்தவன் இன்னொருத்தன். பிடித்து வைத்தவன் வழியாகத்தான் காசும் பேரும் போகின்றன.

எதிர் உதாரணமாக நண்பர்கள் ஒன்று சொல்வார்கள். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, 1984-லிருந்து தன் கச்சேரிகளில் பதிவு செய்ய வருகிற ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. ரசிகர்கள் டேப்புகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. குழுவிடம் யாரும் பதிவுக்கூலி கேட்கவில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழு ஆயிரமாயிரம் டிக்கெட் விற்ற குழு. டேப் ஊரெல்லாம் சுற்றினால் அடுத்த கச்சேரிக்குக் கூட்டம் வரும், காசு வரும். நம் குழுவின் பதிவு ஊரெல்லாம் சுற்றினால் அவர்களுக்கு என்ன வரும்? பெயரே போடாதபோது யார் தேடி வந்து வெற்றிலை பாக்கு வைக்கப் போகிறார்கள்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் படித்தவனில்லை நான். ஆனால் பத்திரம் படித்துப் பழகியவன்.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று ஓர் உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. பாடகர், ஆடுகிறவர், வாசிப்பவர் மட்டுமில்லை. கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பறையடிப்பவர் நிச்சயமாக உண்டு. இப்போது அந்த உரிமை 50 ஆண்டு. அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்யக் கூடாது. சொந்தமாகக் கேட்கவும், உண்மையான ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி போனது: நிகழ்த்தியவர் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கலாம், வணிகமாகப் பயன்படுத்தினால் பங்கும் கேட்கலாம். அந்த ஆவணப்படத்தில் எட்டுப் பெயர் விடுபட்டது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, உரிமைப் பறிப்பும்தான்.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒலிப்பதிவின் உரிமை அதன் 'தயாரிப்பாளருக்கு'. தயாரிப்பாளர் யார்? முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவை உண்டாக்கியவர். தானாகவே கருவியோடு வந்து நிற்கிற என்னைப்போன்ற ஆள், 'அது நான்தான்' என்று சொல்லிக்கொள்ள முடியும். ஒளிப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் 17-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது: காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஒலிப்பதிவு அந்த வரியில் இல்லை. ஆக, பெரியவர் எனக்கு இரண்டாயிரம் கொடுத்ததாலேயே பதிவு அவருடையதாகிவிட்டது என்று அந்த வரியைக் காட்டிச் சொல்ல முடியாது. காசையும் வாங்கிக்கொண்டு, பதிவும் என்னுடையது என்று நான் வாதாட வழி இருக்கிறது! எழுதி வாங்காவிட்டால் ஏமாறுவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே நான் வந்து சேர்ந்த முடிவு இது. ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள்.

காசு வாங்கினால் நீங்கள் கூலிக்கு வந்த தொழிலாளி. நல்லது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கூலி வாங்கிய கொத்தன் கட்டிய வீட்டில் குடியேற முடியாது. மூலப் பதிவு முழுவதையும் குழுவிடம் கொடுத்துவிட வேண்டும், உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் காசையும் குழுவிடம் வாங்கக் கூடாது. கூட்டம் நடத்துகிறவர்களிடம், மேடைச் செலவோடு சேர்த்து, முன்கூட்டியே பேசி வாங்க வேண்டும். ஊரில் அந்த வேலையைச் செய்து பிழைக்கும் பையன் இருந்தால், அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது இன்னும் மேல்.

காசு வாங்காவிட்டால்? அப்போதும் பதிவு உங்களுடையதாகிவிடாது. நாம் கேட்டு மகிழ ஒரு பிரதி கிடைத்ததே, அதுதான் நம் கூலி. குழுவின் சம்மதம் இல்லாமல் அது வேறொருத்தர் கைக்குப் போகக் கூடாது. 'சும்மாதானே செய்தேன்' என்பது சொந்தம் கொண்டாடும் உரிமைச் சீட்டு இல்லை. சும்மா செய்தவன்தான் பிறகு அதிகமாகச் சொந்தம் கொண்டாடுகிறான் என்பதை நம் இயக்கங்களிலேயே பார்த்திருக்கிறோம்.

ஒரு தோழி கேட்டார், ஆய்வு மாணவி: "எல்லாத்தையும் அவங்ககிட்ட கொடுத்துட்டா, பென் டிரைவ் தொலைஞ்சு போனா, செல்போன் உடைஞ்சு போனா, நம்ம வரலாறே போயிடாதா?" நியாயமான பயம். ஆனால் பாதுகாப்பது வேறு, உடைமை வேறு. எங்கள் கிளையில் நகைக்கடன் உண்டு. நகை எங்கள் பெட்டகத்தில் வருஷக்கணக்கில் கிடக்கும். அதற்காக அந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளார்க் கல்யாணத்துக்குப் போக முடியுமா? பிரதி நம்மிடம் இருக்கட்டும். கேட்டால் திருப்பிக் கொடுக்க. அதற்கு ஒரு ரசீதும் இருக்கட்டும்.

எழுதுகிற காகிதம் பெரிசாக இருக்க வேண்டியதில்லை. தேதி, இடம், அடித்தவர்கள் எல்லோருடைய பெயர், பதிவு செய்தவர் பெயர், பதிவும் உரிமையும் குழுவுக்கே என்ற வரி, இரண்டு பக்கக் கையெழுத்து. கவனிக்க வேண்டியது ஒன்று: உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆகவே 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்று எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கியவர்களைப் பற்றி நமக்குத் தெரியாதா என்ன?

போன மாசம் அந்த ஊருக்குப் போனேன். ஒரு பென் டிரைவில் மூலப் பதிவு, ஒரு காகிதம், ஒரு உறையில் இரண்டாயிரம். பெரியவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கு, அன்னிக்கே முடிஞ்ச கணக்கு" என்றார். முடியவில்லை என்றேன். காகிதத்தைப் படித்துக் காட்டினேன். எட்டுப் பெயர்களையும் சொல்லும்போது ஒரு பெயரில் நிறுத்தினார். அந்தப் பையன் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை, சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான் என்றார். பென் டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் அடிச்சது இதுல கீதா?" என்று கேட்டார். இருக்கிறது, இடது பக்கம் மூன்றாவது பறை அவனுடையது என்றேன். "அவங்க அம்மாவுக்கு ஒண்ணு போட்டுக் குடு தம்பி" என்றார்.

ஆவணப்படத்தில் எட்டுப் பெயர் சேர்க்கச் சொல்லி நண்பருக்கு எழுதியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை பதில் வரவில்லை. வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். செல்போனை நீட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்கும் மாணவத் தோழர்களே, உங்களிடம் எத்தனை பேர் அடித்த பறை இருக்கிறது? அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியுமா?